பன்னிரண்டு மணிக்கு விடும் பள்ளி

அட்மிஷன் கேட்கவா வந்தீங்க? அப்படியானால் இப்போது மணி அடிக்காதீங்க. அடித்தாலும் யாரும் வரமாட்டார்கள். உள்ளே குழந்தைகள் வேலை செய்கிற நேரம். வேலை என்றுதான் சொல்ல வேண்டும், விளையாட்டு என்று சொன்னால் மங்கை ஆன்ட்டிக்குப் பிடிக்காது. இந்த ஸ்கூலை நடத்துகிறவர் அவர். பன்னிரண்டுக்குக் குழந்தைகளை வெளியே விட்ட பிறகுதான் ஆபீஸ் திறப்பார்கள். இப்படி வந்து இந்தக் கல்லில் உட்காருங்க. நிழல் இருக்கு.

இல்லைங்க, நான் அம்மா இல்லை. என்னைப் பார்த்தால் அம்மா மாதிரியா இருக்கு? பதினேழு வயசுதான் ஆகிறது. நான் சித்தி. உள்ளே ஆதிரை என்று ஒரு வாண்டு இருக்கிறது. எங்கள் அக்கா சிந்துஜாவின் மகள், மூணே கால் வயசு. ஆனால் அவளை இங்கே சேர்த்த அன்றைக்கு நான் சித்தி இல்லை. அதற்கு வருகிறேன்.

ஸ்கூல் நல்லா இருக்கா என்றுதானே கேட்டீங்க? நல்ல ஸ்கூல்தான். அதை நான் சொல்லாமல் யார் சொல்வது? கண்டுபிடித்ததே நான்தான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களாக ஒன்றை நினைத்துக்கொள்வீங்க. நான் பதினொன்றாவதில் பாதியில் விட்டவள். ஃபெயில் ஆகவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் ஊர் கோபி பக்கம். எங்கள் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. உள்ளே பிப்பெட், பியூரெட் எல்லாம் பளபளவென்று இருக்கும். பூட்டியே இருக்கும். வெளியே நின்று பார்த்துப் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். அதுதான் பிராக்டிகல். ஒருநாள் "எப்ப சார் தொடலாம்?" என்று கேட்டேன்.

"தொட்டு உடைச்சீன்னா உங்கப்பன் வந்து குடுப்பானா?" என்றார் சார்.

"உடையாத மாதிரி தொடக் கத்துக்குடுங்க சார். அதுக்குத்தானே சம்பளம்?"

அவ்வளவுதான். வகுப்புக்கு வெளியே முட்டி போடச் சொன்னார். கொஞ்ச நேரம் போட்டேன். பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா அடித்தார். மறுநாளும் போகவில்லை. மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். எதற்கு மன்னிப்பு? தொடட்டுமா என்று கேட்டதற்கா?

எனக்கு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும். பத்தாவது மார்க் போதும். எங்கள் தெருவில் ஜீவிதா என்று ஒருத்தி படிக்கிறாள், அங்கே முதல் வாரமே கையில் டெஸ்டரையும் பிளையரையும் கொடுத்துவிடுகிறார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "பொட்டப்புள்ள போஸ்ட் மரத்துல ஏறப் போறியா?" என்று சிரித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சிந்து அக்கா போன் செய்தாள்.

அக்கா இங்கே கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். மாமா பம்ப் கம்பெனியில் சேல்ஸ், பாதி நாள் வெளியூர். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயசு. ஆயா யாரும் நிலைக்கவில்லை. "ஆதிரை ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இருடி கௌசி. அவ ஸ்கூல்ல கால் வெச்சா உன்னை ஐ.டி.ஐ.ல சேத்தி விடறது என் பொறுப்பு. அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் சும்மா நம்பிவிடவில்லை. என்னைக் கூட்டிப்போகக் குழந்தையோடு ஊருக்கு வந்தபோது, சத்தியம் பண்ணு என்றேன். குழந்தை தலையில் கை வைத்துப் பண்ணினாள். நான்தான் பதறி அவள் கையைத் தட்டிவிட்டேன். பச்சைக் குழந்தை, அது தலையிலா வைப்பார்கள்?

சரி, ஸ்கூல் கதைக்கு வருகிறேன்.

அக்காவும் மாமாவும் ஒரு பெரிய ஸ்கூலை மனசில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஏ.சி. வகுப்பு, நீச்சல் குளம், சாயங்காலம் ஆறு வரைக்கும் அங்கேயே பார்த்துக்கொள்ளும் டே-கேர். பார்க்கப் போனோம். எல்.கே.ஜி.யில் குழந்தைகள் எல்லாம் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஒரே குரலில் குட்மார்னிங் பாடினார்கள். வகுப்பு மூலையில் ஒரு அலமாரி. கண்ணாடிக் கதவு. உள்ளே மரக்கட்டை, வண்ண மணி, எல்லாம் இருக்கு. பூட்டும் இருக்கு.

"இதையெல்லாம் குழந்தைங்க எப்பங்க எடுக்கும்?" என்று கேட்டேன்.

"ஃபிரைடே, ஆக்டிவிட்டி பீரியட்" என்றார் கூட வந்த மிஸ். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

அதற்கு அடுத்த வாரம் ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு கறிவேப்பிலை வாங்க இந்தத் தெரு வழியாக வந்தேன். இந்தக் காம்பவுண்டுச் சுவர் அந்தக் கோடியில் தாழ்வாக இருக்கும். எட்டிப் பார்த்தேன். ஒரு பொடியன் தண்ணீர்த் தொட்டி கிட்டே நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். நிஜக் கண்ணாடி டம்ளர். கை வழுக்கியது. சில்லுச் சில்லாகப் போச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன், இப்போது விழும் பார் அடி என்று. விழவில்லை. ஒரு அம்மா மெதுவாக நடந்து வந்தார். மங்கை ஆன்ட்டிதான் அது. பையனை முதலில் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சின்னத் துடைப்பமும் முறமும் எடுத்து அவன் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்றார். அவன் கூட்டினான். கூட்டிவிட்டு இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டதுங்க. நான் அழுகிற ஆளே இல்லை. கண்ணில் தூசி என்று வைத்துக்கொள்ளுங்க.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். ஆதிரை அங்கேதான் படிக்க வேண்டும் என்று. மாமா சிரிப்பாய்ச் சிரித்தார்.

"நம்ம வீட்ல வேலைக்காரம்மா கழுவற டம்ளரை, எம் புள்ள ஃபீஸ் கட்டிப் போய்க் கழுவணுமா?"

"ஆமா மாமா. நீங்க இன்னும் உங்க தட்டைக்கூட கழுவறதில்ல. உங்களையும் அங்கதான் சேத்தணும்."

அக்கா "கௌசி!" என்று அதட்டினாள். விடுவேனா? தினமும் பேசினேன். அங்கே குழந்தை எதை எடுக்க விரும்புகிறதோ அதை எடுக்கும், அடிக்கமாட்டார்கள், வரிசையில் நிறுத்தமாட்டார்கள், எழுத்தைக்கூட உப்புத்தாளில் ஒட்டி விரலால் தடவித்தான் கற்றுக்கொடுப்பார்கள் என்று. நான்தான் தினமும் காலையில் சுவர் மேல் தொங்கிக்கொண்டு பார்க்கிறேனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிரையிடம் ரெண்டு கிண்ணமும் கொஞ்சம் துவரம்பருப்பும் கொடுத்து, இதிலிருந்து அதில் கொட்டு சாமி என்று விட்டேன். டிவி ஓடுகிறது, மாமா போனில் கத்துகிறார், அது பாட்டுக்குக் கொட்டுகிறது, சிந்தினதைப் பொறுக்குகிறது, மறுபடி கொட்டுகிறது. மாமா போனை வைத்துவிட்டுப் பார்த்தார். "சாப்பிடறதுக்கு ரெண்டு நிமிஷம் உக்காராத புள்ள" என்றார்.

ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. மூன்று வாரம் இழுத்தார்கள். பிறகு திடீரென்று ஒருநாள் காலை, இட்லி சாப்பிடும்போது, அக்காவும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "சரி கௌசி. உன் இஷ்டப்படியே அங்கயே சேத்திடலாம்" என்றாள் அக்கா.

நான் ஆதிரையைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசினதைப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் சொல்வார்கள். சேர்ப்பதற்கு முன்னால், குழந்தை வீட்டில் யாரிடம் அதிகம் ஒட்டுதலோ அவர் ஒருநாள் வந்து வகுப்பில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசக்கூடாது. குழந்தையைத் தொடக்கூடாது. அக்கா லீவு போட்டு வந்திருந்தாள், ஆனால் ஸ்டூலில் நான்தான் உட்கார்ந்தேன். ஆதிரை ஒரு சட்டத்தில் துணி கட்டி வைத்திருப்பதில் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டன் துளைக்குள் பாதி போகிறது, வெளியே வந்துவிடுகிறது. திரும்பப் பாதி போகிறது, வெளியே வருகிறது. எனக்குப் பொறுக்குமா? எழுந்து போய்ப் போட்டுவிடக் கையை நீட்டினேன். மங்கை ஆன்ட்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "விடுங்க, அவளே போடுவா. அவளுக்கு நேரம் குடுங்க" என்றார். போட்டாள். எனக்கு எரிச்சல்தான். வீட்டில் நான் அஞ்சு பட்டனையும் ஒரு நொடியில் போட்டுவிடுவேன்.

பிறகு ஆபீஸ் ரூம். அக்கா உள்ளே, நான் குழந்தையையும் பையையும் வைத்துக்கொண்டு வாசலில்.

"பகல் முழுக்கக் குழந்தை யாருகூட இருக்கா?" என்று மங்கை ஆன்ட்டி கேட்கிறார்.

எங்கள் அக்கா, என் கூடப் பிறந்தவள், சொல்கிறாள்: "ஊர்ல இருந்து ஒரு பொண்ணை வேலைக்கு வெச்சிருக்கோங்க மேடம். நல்ல பொண்ணு."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அவளுக்குத் தெரியும் நான் நிற்பது.

"நல்லது" என்கிறார் ஆன்ட்டி. "ஏன்னா எங்ககிட்ட ஒன்பதுல இருந்து பன்னிரண்டு மணி வரைக்கும்தான். அஞ்சு வயசு ஆகற வரைக்கும் அப்படித்தான். வேன் கிடையாது. தினமும் ஒரே ஆள் வந்து கூட்டிட்டுப் போகணும். ஆள் மாறினா குழந்தை குழம்பிடும். அது முடியலைன்னா யோசிச்சுக்கங்க."

"அதெல்லாம் பிரச்சனையே இல்ல மேடம். ரெண்டு வருஷத்துக்கு அவ எங்கயும் போகமாட்டா."

ரெண்டு வருஷம்! அவள் யார் ரெண்டு வருஷத்தை எடுத்துக் கொடுக்கிறாள்?

வெளியே மாமா காரோடு காத்திருந்தார். ஏறினதும் கேட்டேன். அரை நாள்தான் என்றால் மத்தியானம் யார் வந்து கூட்டிப்போவது? ஐ.டி.ஐ. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆயிற்றே? அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமாதான் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். "அரை நாள்னு வெப்சைட்லயே போட்டிருக்கே, நீ பாக்கலியா? நாங்க அதைப் பாத்துட்டுத்தானே சரின்னோம். டே-கேர்ல விட்டா குழந்தைக்கு ஓயாம சளி புடிக்கும். இதுன்னா மத்தியானத்துக்கு மேல உங்கூடயே இருக்கும்."

புரிகிறதா உங்களுக்கு? அந்தப் பெரிய ஸ்கூலில் சேர்த்திருந்தால் நான் தேவையில்லை. சாயங்காலம் ஆறு வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நான் ஜூனில் ஐ.டி.ஐ. போயிருப்பேன். என்னைக் கட்டிப்போட ஒரு கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள், நான் சுவர் மேல் தொங்கித் தொங்கிப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"சத்தியம் பண்ணினியே" என்றேன்.

"நீதானேடி இந்த ஸ்கூல்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்ன? இப்ப எம் மேல பழி போடற."

"வேலைக்கு வெச்ச பொண்ணுன்னு சொன்னியே, அது?"

"தங்கச்சின்னு சொன்னா ஏன் படிக்கலைன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? வாத்தியாரை எதுத்துப் பேசிட்டு வந்து உக்காந்திருக்கான்னா? அப்புறம் குழந்தைக்கு சீட் குடுப்பாங்களா?"

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அக்கா வூட்ல ஃபேனுக்கடியில உக்காந்து சோறு திங்கறது கசக்குதா உனக்கு?" என்றது. வைத்துவிட்டேன்.

ஜூன் வந்தது. ஆதிரை இங்கே வந்தாள். முதல் வாரம் என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நியாயம்தானே, ஊட்டினது நான், குளிப்பாட்டினது நான், தூங்க வைத்தது நான். ஒரு மாசம்தான். அப்புறம் பாருங்க, "சித்தி, கை எடு. நானே." எதற்கு எடுத்தாலும் நானே. தோசையைப் பிய்த்துக் கொடுத்தால், "நானே." தலை சீவப் போனால் சீப்பைப் பிடுங்குகிறது. போன வாரம் இந்த கேட்டில் நுழைந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டது. ஒரு டாட்டா காட்டக் கூடாதா? அக்கா செய்ததாவது பரவாயில்லை என்று தோன்றுகிறது சில நாள். இது நான் வளர்த்தது. இதற்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், இதுவும் கையைத் தட்டிவிடுகிறது. இதில் மங்கை ஆன்ட்டி வேறு, "எவ்வளவு நல்லா வந்துட்டா பாத்தீங்களா" என்று என்னிடமே கேட்கிறார்.

போன மாதம் வகுப்பில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வாண்டு "அம்மா, அப்பா, கௌசி சித்தி" என்று சொல்லியிருக்கிறது. மங்கை ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார். "நீங்க சித்தியா?"

"ஆமாங்க. சொந்தச் சித்தி."

எல்லாம் சொன்னேன். எனக்கு மறைக்கத் தெரியாது. ஐ.டி.ஐ., சத்தியம், கார், எல்லாம். அவர் நன்றாகக் கேட்டார், குழந்தைகளிடம் கேட்பது மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு. எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த ஊரில் கேட்கிற ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்தேன்.

"உங்க கோபம் எனக்குப் புரியுது கௌசிகா."

"புரிஞ்சா சரிங்க. நாலு மணி வரைக்கும் வெச்சுக்கங்க அவளை. இல்ல, வேற ஆள் வந்து கூட்டிட்டுப் போகலாம்னு அக்காகிட்டச் சொல்லுங்க."

"மூணு மணி நேரத்துக்கு மேல சின்னக் குழந்தைக்குத் தாங்காதும்மா. இப்பதான் அவ ஒரு நிலைக்கு வந்திருக்கா. இந்த நேரத்துல ஆள் மாத்தினா அவளுக்குக் கஷ்டம்."

"எனக்கு?"

"நீங்க சின்னப் பொண்ணுதானே. காலம் இருக்கு. ரெண்டு வருஷம் பொறுத்துக்கங்க" என்றார்.

பாருங்க, இங்கே மூணு வயசுக் குழந்தை எந்தக் கட்டையை எடுக்க வேண்டும் என்று அதன் விருப்பத்தைக் கேட்பார்கள். பதினேழு வயசு ஆகிவிட்டால் கேட்கமாட்டார்கள். அந்தப் பொடியன் டம்ளரை உடைத்தபோது துடைப்பத்தைக் கொடுத்து மறுபடியும் ஆரம்பி என்றாரே, அதே அம்மாதான்.

அதனால் நான் யாரையும் கேட்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனபோது பீரோவிலிருந்து என் பத்தாவது மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. சொல்லவே இல்லை, எடுத்தேன். ஐ.டி.ஐ.யில் மிச்சம் இருக்கிற சீட்டுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குக் கடைசி நாள். ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். காலையிலேயே போனால், அங்கே வரிசையில் நின்றுவிட்டுப் பன்னிரண்டுக்குள் இவளைக் கூட்டிப்போகத் திரும்ப முடியாது. பன்னிரண்டுக்கு இவள் வெளியே வந்ததும் இவளையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ். எலக்ட்ரீஷியனில் இடம் இருக்கிறதாம், காலையில் போன் செய்து கேட்டேன்.

நாளையிலிருந்து இவளை யார் வந்து கூட்டிப்போவார்கள் என்றா கேட்கிறீங்க? எனக்குத் தெரியாது. அது அவர்கள் வீட்டுப் பிள்ளை. வேலைக்கு வைத்த பெண் நின்றுவிட்டால் என்ன செய்வார்களோ, அதைச் செய்யட்டும்.

உங்கள் குழந்தை எங்கே? கூட்டிக்கொண்டு வரவில்லையா? வீட்டிலா? யாரிடம் விட்டீங்க? வீட்டுக்காரர் தங்கச்சியிடமா. சரி.

அந்தப் பொண்ணுக்கு என்ன வயசுங்க?

ம்.

இங்கே தாராளமாகச் சேர்த்துவிடுங்க. நிஜமாகத்தான் சொல்கிறேன், இந்த மாதிரி ஸ்கூல் கிடைக்காது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போகப் போவது யாரோ, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்க.

அதோ, கதவு திறந்துவிட்டார்கள். ஆதி! ஏய் ஆதிக்குட்டி! இங்க வா சாமி, இன்னைக்குப் பஸ்ஸுல போறோம். என்ன? பூவாளியை எதுக்குடி கையில வெச்சிருக்கே? கீழ வை. வா.

"இன்னும் செடி இருக்கு சித்தி."

பார்த்தீங்களா. கேட் ஓரத்துத் தொட்டிச் செடிக்கெல்லாம் இன்றைக்கு இவள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். எடுத்த வேலையை முடிக்க வேண்டும், நடுவில் யாரும் இழுக்கக்கூடாது, அது இங்கே சட்டம். சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறாள் பாருங்க. ஒவ்வொரு செடிக்கும் நின்று, இலையைத் தடவி. ஆதி, நாளைக்கு ஊத்திக்கலாம் கண்ணு. சித்தி சொல்றேன்ல. இல்ல, நான் ஊத்தித் தரட்டுமா? ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடறேன்.

"வேண்டாம். நானே."

பஸ் முக்கில் திரும்புகிறது. அதுதான். அதை விட்டால் அடுத்தது அரை மணி நேரம் கழித்து, எனக்கு ஆகாது. ஏனுங்க, அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. மார்க் ஷீட் அதில்தான் இருக்கு. மங்கை ஆன்ட்டி வாசலில் நின்று பார்க்கிறார். பார்க்கட்டும்.

வா. வாடி. கை விடு, பூவாளியை விடு. அண்ணா, பஸ்ஸை நிறுத்துங்க, ஆள் வருது!

"வேண்டாம் சித்தி! இறக்கு! எனக்கு வேண்டாம்!"

தெரியுது கண்ணு. உனக்கு வேண்டாம். எனக்கு வேணும்.